மகனிடம் மன்னிப்புக் கேட்டால் அப்பாவின் மரியாதை போய்விடுமா?

வாசகர் கடிதம் (பெயரும் சில விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன, கடிதம் சுருக்கப்பட்டுள்ளது):

சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம். மகன் உயர்நிலை 1, மகள் தொடக்கநிலை 4. போன நவம்பரில் மகனுக்குப் பிஎஸ்எல்இ என்கிற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்தது. ஏஎல் என்கிற தர எண் குறைந்தால்தான் நல்லது. அவனுக்கு மொத்தம் 23. ஆங்கிலம் ஏஎல் 6, கணிதம் 7, அறிவியல் 6. தமிழில் மட்டும் 4. அதை வைத்து என்ன செய்ய? அன்று வீட்டுக்குப் போகும்போது மின்தூக்கியில் வைத்து, "உனக்காக இந்த ஊர்ல வந்து கிடந்ததெல்லாம் வீண்டா, நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். அதிலிருந்து எதைக் கேட்டாலும் "ம்", "ஓகேப்பா", அவ்வளவுதான். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி என்கிறான். போன மாதம் பள்ளித் தமிழ் நாடகத்தில் அவனுக்கு முக்கியமான வேடம் கிடைத்ததாம். "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். மகளால் ஒரு பிரச்சினையும் இல்லை. தினமும் ராத்திரி "நான் நல்லாப் படிக்கிறேன்ல அப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பாள். என் அப்பா என்னை ஊர் முன்னால், "பனைமரத்துக்காவது பிரயோசனம் உண்டு, உனக்கு அதுவும் இல்லை" என்றவர். நான் கெட்டா போய்விட்டேன்? பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று வேதமே சொல்கிறது. நான் அடிப்பதுகூட இல்லை. மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள் மனைவி. கேட்டால் அப்பா என்கிற மரியாதை போய்விடாதா?

ஆலோசகர் பதில்:

கர்த்தருக்குள் அன்பான சகோதரருக்கு,

கேளுங்கள். மரியாதை போகாது. எப்படிக் கேட்பது என்பதற்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் அதைக் கேட்கிற விதத்திலேயே கெடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன சில வரிகளைப் பற்றிப் பேச வேண்டும்.

நாடக விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் குறைந்த தாளை அப்பா கண்ணில் படாமல் ஒளிப்பது எல்லா ஊர்ப் பிள்ளைகளும் செய்வதுதான். அடி விழும், ஏச்சு விழும் என்ற பயம், அதோடு போய்விடும். உங்கள் மகன் ஒளித்தது நல்ல செய்தியை. அதை உங்களிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. "நாடகத்துக்கு நேரம் இருக்கு, கணக்குக்கு நேரம் இல்லையோ?" கேட்டிருக்க மாட்டீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். தமிழில் ஏஎல் 4 என்றால் 75-க்குக் குறையாமல் எடுத்திருக்கிறான். அதை நீங்கள் ஒரே வரியில், "அதை வைத்து என்ன செய்ய?" என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் அன்று எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று யோசிக்கவே தேவையில்லை. அந்த 4-ஐ அப்பா எப்படி வாங்கிக்கொண்டார் என்று பார்த்த பையன், நாடக வேடத்தையும் கொண்டுவந்து கொடுப்பானா?

இன்னொன்று, நடைமுறைத் தகவல். 23 என்றால், உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கிற மூன்று பிரிவுகளில் நடுவிலுள்ள போஸ்டிங் குரூப் 2. நம் காலத்து எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகள் 2024-இல் உயர்நிலை 1-க்குப் போனவர்களிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. தமிழில் 4 வாங்கிய பையன் தமிழை உயர்ந்த நிலையான ஜி3-லேயே படிக்கலாம். மற்ற பாடங்களிலும் தேறி வந்தால் இடையில் நிலை உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. பள்ளியில் கேட்டீர்களா? "லாயக்கில்லை" என்ற தீர்ப்பைக் கல்வி அமைச்சுகூட உங்கள் பையனுக்கு எழுதவில்லை.

சரி, "கோபத்தில் ஒரு தடவை சொன்னது, மனசில் பாசம் இல்லாமலா?" என்று நீங்கள் நினைக்கலாம். பாசம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. பாசம் இல்லாத ஆள் இவ்வளவு நீளக் கடிதம் எழுதமாட்டார். ஆனால் அந்தப் பாசம் தானாகவே காயத்துக்கு மருந்து போட்டுவிடும் என்று நம்புகிறோம் பாருங்கள், அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்களில் 13, 14 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014-இல் அச்சில் வந்தது. கத்துவது, ஏசுவது, சோம்பேறி, முட்டாள் என்று பட்டம் கட்டுவது ஆகியவை 13 வயதில் நடந்த வீடுகளில், அடுத்த ஒரு வருடத்தில் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் கூடியிருந்தது, நடத்தைக் கோளாறும் கூடியிருந்தது. திருத்துவதற்காக ஏசியது திருத்தவில்லை. பெற்றோர் மற்ற நேரங்களில் பாசமாக இருந்தது அந்தப் பாதிப்பைக் குறைக்கவும் இல்லை.

அமெரிக்கக் குடும்பமும் நம் குடும்பமும் ஒன்றா என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் என் அறையில் வந்து உட்காரும் நம் பிள்ளைகளிடமும் இதையேதான் கேட்கிறேன். "அப்பாவுக்கு என்மேல பாசம்தான், தெரியும்" என்பார்கள். அதே மூச்சில், அப்பா எப்போதோ சொன்ன ஒரு வரியை எழுத்து மாறாமல் ஒப்பிப்பார்கள். எந்த இடம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது வரை. அம்மா தினமும் நூறு சொல்வார். அது மழை மாதிரி வழிந்து போய்விடும். அப்பா குறைவாகப் பேசுகிற வீட்டில் அப்பாவின் ஒரு வரிக்கு எடை அதிகம்.

உங்களுக்கே தெரியும் அது. "நான் கெட்டா போய்விட்டேன்?" என்று கேட்கிறீர்கள். இல்லை. கடல் தாண்டி வந்து, உழைத்து, வீடு வாங்கி, சபையில் நல்ல பெயரோடு நிற்கிறீர்கள். ஆனால் பனைமரத்தைப் பற்றி உங்கள் அப்பா சொன்னதை மேற்கோள் குறி போட்டு எழுதியிருக்கிறீர்களே, அதைக் கேட்டு எத்தனை வருடம் இருக்கும்? அவர் உங்களைப் பாராட்டிச் சொன்ன ஒரு வரியையும் அப்படி எழுத முடியுமா? முடிந்தால் மிகவும் சந்தோஷம். முடியாவிட்டால், அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை வருடம் ஓவர்டைம் பார்த்தீர்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிரம்பு வசனத்துக்கு வருவோம். நம் சபைகளில் தகப்பன்மாருக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனம் அது. நீதிமொழிகள் 13:24-ஐச் சொல்கிறவர்கள் கொலோசெயர் 3:21-ஐச் சொல்வதைக் குறைவாகவே கேட்டிருக்கிறேன்: "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." பவுல் இதை எழுதிய ரோம உலகில் தகப்பனுக்குப் பிள்ளைகள்மேல் இருந்த சட்ட அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல, பிறந்த குழந்தையை ஏற்றுக்கொள்வதா விட்டுவிடுவதா என்பதே அவன் கையில் இருந்தது. பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்ன கையோடு, அப்படிப்பட்ட தகப்பனையும் நிறுத்தி, உனக்கும் ஒரு வரம்பு உண்டு என்கிறார். பிள்ளை திடனற்றுப்போவது எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "ம்", "ஓகேப்பா" என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்காகக் கண்டிக்கவே கூடாது என்பதில்லை. தாவீது ராஜா தன் மகன் அதோனியாவை, நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருக்காலும் கடிந்துகொள்ளவில்லை என்று 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த மகன் கடைசியில் அப்பா உயிரோடிருக்கும்போதே தன்னை ராஜாவாக அறிவித்துக்கொள்கிறான். ஆக, வாயை மூடிக்கொள்வதும் தகப்பனுக்கு அழகில்லை. "கணக்கு வீட்டுப்பாடத்தை மூணு நாளா செய்யலை, இன்னைக்கு முடிக்காம போன் கிடையாது" என்பது கண்டிப்பு. செய்ததைச் சொல்கிறது, செய்ய வேண்டியதைச் சொல்கிறது, நாளைக்கு அவன் அதை மாற்றிக்கொள்ளலாம். "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்பதில் மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

இப்போது குடும்ப ஜெபம். இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அவனுக்குத் தலைவலி இல்லை. நம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கலை உண்டு: ஜெபத்திலேயே ஏசுவது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும், இவனுடைய சோம்பேறித்தனத்தை எடுத்துப்போடும், கெட்ட சிநேகிதரிடமிருந்து விலக்கியருளும், அம்மா அப்பா படுகிற பாட்டை இவன் உணரச் செய்யும்" என்று ஆரம்பித்தால், பிள்ளை எதிர்த்துப் பேச முடியாது, எழுந்து போக முடியாது, ஆமென் வேறு சொல்ல வேண்டும். கடைசியில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, அந்தப் பிதாவுக்கு அவன் மனதில் எந்த அப்பாவின் குரல் இருக்கும்? உங்கள் வீட்டில் இப்படி நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கவில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். நடந்தால் இன்றோடு நிறுத்துங்கள். துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து வரலாகாது என்று யாக்கோபு எழுதியது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமல்ல.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் ஆசாரியர்கள் சொல்வதற்காகக் கொடுக்கப்பட்ட ஆசீர்வாதம் இருக்கிறது: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்குவது. ஆராதனை முடிவில் போதகர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூன்றே வசனம். ராத்திரி படுக்கப்போகுமுன் மகனுக்கும் மகளுக்கும் அதை மட்டும் சொல்லுங்கள். கூடவே உங்கள் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காதீர்கள். மகன் அறைக் கதவு மூடியிருந்தால் வெளியே நின்று சொல்லிவிட்டு நகருங்கள்.

உங்கள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறையில் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடத்துகிறவர் நீங்கள். இன்றைய வேலை என்ன, ஹார்னஸ் போட்டாயிற்றா, பெர்மிட் வாங்கியாயிற்றா, நேற்று யார் தவறு செய்தது. உயரத்தில் ஆட்கள் நிற்கிற இடத்தில் அந்தக் குரல் உயிரைக் காப்பாற்றுகிறது, அது வேண்டும். அதே குரல் அடையாள அட்டையையும் கழற்றாமல் உங்களோடு பஸ்ஸேறி வீட்டுக்கு வந்துவிடுகிறது. "ஹோம்வொர்க் முடிஞ்சுதா? டியூஷனுக்குப் போனியா? டெஸ்ட்ல எத்தனை?" ஒரு வாரத்துக்கு உங்கள் மகனோடு பேசியதை நினைத்துப் பாருங்கள். ஒரு பங்களாதேஷ் தொழிலாளியிடம் நீங்கள் கேட்க முடியாத கேள்வி அதில் எத்தனை இருக்கும்?

லூக்கா 15-இல் காணாமல்போன மகன் கதையை இந்தக் கோணத்தில் ஒரு தடவை வாசியுங்கள். திரும்பி வருகிற இளையவன் வழியிலேயே ஒரு பேச்சைத் தயார் செய்கிறான்: உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டிலேயே இருந்த மூத்தவனும் கோபத்தில் என்ன சொல்கிறான்? இத்தனை வருஷகாலமாய் உமக்கு ஊழியஞ்செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்கிறான். ஒருவன் வேலை கேட்கிறான், இன்னொருவன் சம்பள பாக்கி கேட்கிறான். இரண்டு பேருமே மகன் மாதிரி பேசவில்லை. தகப்பன் இளையவனைக் கூலிக்காரன் என்ற இடத்துக்கு வரவே விடவில்லை. நடுவிலேயே வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்கிறார். மூத்தவனைத் தேடி வெளியே வந்து, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்று ஆரம்பிக்கிறார். நல்ல பிள்ளை என்று நாம் விட்டுவிடுகிற பிள்ளைக்கும் அந்த வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது.

அதனால்தான் உங்கள் மகளைப் பற்றி எனக்குக் கவலை. மின்தூக்கியில் அவளும் இருந்தாளா, பிறகு வீட்டில் கேட்டாளா, தெரியவில்லை, எப்படியும் கேட்டிருப்பாள். தினமும் ராத்திரி "நான் நல்லாப் படிக்கிறேன்ல அப்பா?" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்பது உங்களுக்குச் செல்லமாகத் தெரிகிறது. எனக்கு, அண்ணனுக்கு நடந்தது தனக்கு நடக்காது என்று ஒவ்வொரு நாளும் உறுதி வாங்கிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் அவளுக்கும் அதே பரீட்சை. "ஆமா, நல்லாப் படிக்கிற" என்று மட்டும் பதில் சொன்னால் அந்தப் பயம் நாளை ராத்திரி திரும்ப வரும். "படிச்சாலும் படிக்காட்டியும் நீ என் பிள்ளைதான்" என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். "அப்போ படிக்க வேண்டாமா?" என்று உடனே கேட்பாள். சிரித்துவிட்டு, "படிக்கணும், அது வேற கதை" என்று சொல்லுங்கள்.

இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து, இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன் என்று சத்தம் வந்ததை நூறு பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அப்போது அவர் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு சீஷனையும் அழைத்திருக்கவில்லை. ஊழியம் தொடங்கும் முன்பே தகப்பன் சொல்லிவிட்டார். நாமோ ரிசல்ட் ஸ்லிப்பைப் பார்த்த பிறகுதான் பிரியமாயிருக்கிறோமா இல்லையா என்று முடிவு செய்கிறோம்.

இனி மன்னிப்பு. வீட்டு மேசையில் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள். அவனுக்கு அது விசாரணை மாதிரி இருக்கும். பக்கத்தில் நடக்கும்போது, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில், முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் சொல்லுங்கள். அன்று சொன்ன வரியை அப்படியே எடுத்துச் சொல்ல வேண்டும். "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிரு" என்பது சபைக் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கிற மன்னிப்பு, அவனுக்கு உதவாது. "ரிசல்ட் வந்த அன்னைக்கு லிஃப்ட்ல வச்சு, நீ எதுக்கும் லாயக்கில்லைன்னு சொன்னேன். அது உண்மையில்லை. அடுத்தவங்க முன்னால அப்படிச் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிரு." இவ்வளவு போதும். "ஆனா நீயும் படிச்சிருக்கணும்" என்ற வால் வேண்டாம். அந்த ஆனா வந்தால் முன்னால் சொன்ன நாலு வரியும் அவன் காதில் இருந்து போய்விடும். அழவும் வேண்டாம், உங்களைத் தேற்றுவது அவன் வேலையில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போதும் செல்லும் என்று உங்கள் மனதுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

அவன் அநேகமாக "ம்" என்பான். "இட்ஸ் ஓகேப்பா" என்றுகூடச் சொல்லலாம். கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பிதா மன்னிக்க வேண்டுமானால் நீயும் மன்னிக்க வேண்டும் என்று வசனம் காட்டி வசூல் பண்ணவும் வேண்டாம். போதகரையோ பெரியப்பாவையோ சாட்சிக்கு வைக்கவும் வேண்டாம். மகளுக்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, "அண்ணனை அப்படிச் சொன்னது தப்பு, அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்று தெரியப்படுத்துங்கள். நாடகத்தைப் பற்றி மட்டும் உங்களுக்குத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாதீர்கள். தெரிந்தால் அம்மாவிடமும் பேச்சு நின்றுவிடும். அவனாகச் சொன்னால் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போங்கள். பார்த்துவிட்டு, எந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்தது என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். பொதுவாக "சூப்பர், ஜீனியஸ்" என்று தூக்கி வைப்பதும் பிள்ளைகளுக்குச் சுமைதான். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கஷ்டமான புதிர் வந்ததும் பின்வாங்குவதையும், முயற்சியைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் மேலே போய்ப் பார்ப்பதையும் 1998-இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வு காட்டியது. ஒத்திகைக்கு அவன் நின்ற நேரத்தை, மனப்பாடம் செய்த வசனத்தைப் பாராட்டுங்கள்.

உங்கள் மனைவிக்கும் சொல்லுங்கள்: "அப்பா உன்னை எவ்வளவு நேசிக்கிறார் தெரியுமா?" என்று உங்கள் சார்பில் அவர் தூது போக வேண்டாம். அதை நீங்கள் சொல்லாததுதான் குறை.

மகன் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், சிநேகிதர்களையும் விட்டு ஒதுங்கினால், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஏதாவது பேசினால், அதை வாலிப வயசு என்று தள்ளிவிடாதீர்கள். அவன் பள்ளியில் ஆலோசகர் இருப்பார். வகுப்பாசிரியர் மூலமாகவே தொடர்புகொள்ளலாம். உங்கள் பேட்டைக்கு அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திலும் கேட்கலாம், நீங்களே போய்ப் பேசினாலும் சரி. அவசரம் என்றால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம்.

ஆண்டிறுதித் தேர்வுக்குள் ஒரு தடவை எழுதுங்கள். மன்னிப்புக் கேட்டபின் என்ன ஆனது என்பதைவிட, அவன் உங்களிடம் தானாக வந்து எதைச் சொன்னான் என்று எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். ஒன்றுமே சொல்லவில்லை என்றாலும் அதையே எழுதுங்கள்.